புரட்டாசிப் புழுக்கக் குறிப்புகள்

அக்டோபர் 3

முதுநிலையில் காலநிலையியல் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் பூமியின் வெப்பநிலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார் சார். சூரியனிடமிருந்து சதுர மீட்டருக்கு 1361 வாட் வருகிறது, அதில் சுமார் 30 சதவீதத்தை மேகமும் பனியும் பாலைவன மணலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன, மிச்சத்தை வாங்கிக்கொண்ட பூமி அதே அளவை அகச்சிவப்பாக, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக, வெளியே விட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வந்த விடை 87 டிகிரி. வகுப்பே சிரித்தது. 4-ஆல் வகுக்க மறந்திருக்கிறேன், ஆனால் ஏன் வகுக்க வேண்டும் என்று சிரித்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது என் கணிப்பு.

ராத்திரி அப்பத்தா உருண்டை உருண்டையாகச் சீயம் சுட்டுக்கொண்டிருந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன், பல்பு வெளிச்சத்தில் அதன் நிழல் சுவரில் அப்பளம் போல விழுந்தது. விஷயம் புரிந்துவிட்டது. பூமி வாங்கும் வெயில் அந்த அப்பளம் அளவுதான், ஆனால் அதை உருண்டை முழுக்கப் பங்கு போட வேண்டும், உருண்டையின் பரப்போ அப்பளத்தைப் போல நாலு மடங்கு. வகுத்தால் 340 வாட். இப்போது விடை மைனஸ் 18.

நிஜத்தில் பூமியின் சராசரி 15 டிகிரிக்குப் பக்கம். இடையில் இருக்கும் அந்த 33 டிகிரிதான் இந்த செமஸ்டர் முழுக்க.

அக்டோபர் 6

இந்த வீட்டுக்கு ஒன்பது புள்ளி (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) பங்கு, குடியிருப்பது அப்பத்தாவும் நானும் மட்டும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். செட்டிநாட்டு வீட்டுக்கு ஏசியே வேண்டாம், சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல்லுத் தரை, நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம், குளுகுளு என்று இருக்குமாம். படம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஏசி ரூமுக்குப் போகிறவர்கள் சொல்வது அது. புரட்டாசியில் ஒரு ராத்திரி இங்கே படுத்துப் பார்க்கட்டும்.

சரி, அளந்தே பார்த்துவிடலாம்.

அக்டோபர் 8

முதல் நாளே சொதப்பல். வெப்பமானியை வளவுத் தூணில் மாட்டினேன், மத்தியானம் 44 காட்டியது. வெயில் நேராக அதன் மேல் விழுந்திருக்கிறது. நான் அளந்தது காற்றை இல்லை, வெப்பமானி சூடானதைத்தான். இதற்காகத்தான் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் வெள்ளையடித்த, பக்கமெல்லாம் சாய்வுப் பலகை வைத்த ஒரு மரப்பெட்டியை உருவாக்கினார், வானிலை நிலையங்களில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். வகுப்பில் படித்த மறுவாரமே இப்படி.

அக்டோபர் 11

துறையிலிருந்து அகச்சிவப்பு வெப்பமானி கடன் வாங்கி வந்தேன், துப்பாக்கி மாதிரி இருக்கும், எதை நோக்கி அழுத்துகிறோமோ அதன் சூட்டைச் சொல்லும். ராத்திரி 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். நட்சத்திரமாக இருந்தது. தாழ்வாரத்துத் தரை 28, நாலடி தள்ளித் திறந்த வளவில் தரை 24.5. அப்புறம் சும்மா தோன்றி, வானத்தை நோக்கி அழுத்தினேன். 3 டிகிரி! இந்த ஊரில், இந்த மாதத்தில். தலைக்கு மேலே ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்த மாதிரி. வளவுத் தரை அந்தக் குளிர்ந்த வானத்தைப் பார்த்துக்கொண்டே தன் சூட்டை விட்டுக்கொண்டிருக்கிறது, தாழ்வாரத்துத் தரைக்கு ஓடுதான் தெரிகிறது, அந்த ஓடு திருப்பிச் சூடு கொடுக்கிறது.

"என்னத்தா, நடுச்சாமத்துல வானத்தச் சுடுறே?" என்று உள்ளேயிருந்து அப்பத்தா.

அக்டோபர் 14

மேகம். ஒரு நட்சத்திரம் இல்லை. அதே 3 மணி. தாழ்வாரம் 28.5, வளவு 27.5. வானம் 18.

மூன்றரை டிகிரி வித்தியாசம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 18 டிகிரியில் இருக்கிற மேகம் கீழ்நோக்கிச் சூட்டை அனுப்புகிறது, தரை விட்டது பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. ஆக, இந்த வீட்டை ராத்திரியில் குளிர வைப்பதில் சுண்ணாம்பைவிடத் தெளிந்த வானத்துக்குப் பங்கு அதிகம், மேகமும் ஈரமும் மூடிக்கொண்டால் ஒன்பது புள்ளி கட்டிய வளவும் சும்மாதான். பகலில் தடித்த சுவர் காப்பாற்றுகிறது, அதை மறுக்கவில்லை.

அந்த 33 டிகிரி எங்கிருந்து வருகிறது என்பது பாயில் படுத்தபடி வியர்வையோடு புரிந்தது. மேகம் இல்லாத ராத்திரியிலும் நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் இதே வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்கின்றன. மேகம் விடிந்தால் கலையும். 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்க ஆரம்பித்தபோது பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்ஸைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது, அது கலைகிற ஜாதி இல்லை.

அக்டோபர் 19

ஐப்பசி பிறந்துவிட்டது, இன்னும் மழையைக் காணோம். அப்பத்தா தினமும் கிழக்கே பார்த்துவிட்டு, "ஐப்பசின்னா அடைமழைன்னு பேரு" என்று அலுத்துக்கொள்கிறது.

வகுப்பில் கில்பர்ட் வாக்கர். 1904-லிருந்து 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவர், கணிதக்காரர், ராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கிடைக்கப் பரிந்துரைத்ததும் இவர்தான். பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய், பசிபிக்கில் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்று கண்டார். பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோவோடு சேர்ந்த ஊசலாட்டம் அது. எல் நினோ வந்தால் நாடே தென்மேற்கு மழைக்காகப் பயப்படும், நமக்கோ வடகிழக்கு மழை பெரும்பாலும் கூடத்தான் செய்யும். பாடத்தில் அந்த வரியைத் தனியாகத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 24

விடிகாலை 4 மணிக்கு மழை பிடித்தது. வளவின் நாலு பக்கமும் ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, பேச்சே கேட்கவில்லை. தூணில் மாட்டிய வெப்பமானியை எடுக்க ஓடினேன், அதற்குள் அது கீழே விழுந்து இரண்டாகியிருந்தது. அப்பத்தா அதைத் தாண்டிப் போய் பித்தளை அண்டாவை ஓட்டுத் தண்ணிக்கு நேராக நகர்த்தி வைத்தது, முதல் தண்ணியைக் கீழே கொட்டிவிட்டு.


தரை 23. வானத்தைச் சுட்டுப் பார்க்கலாம் என்றால் துப்பாக்கி நனைந்துவிடும், கடன் வாங்கியது வேறு.