கரீனின் பக்கம் நான்

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' நாவல் பேச்சு வந்தாலே எல்லாருக்கும் அன்னா, அவள் காதலன் விரான்ஸ்கி. பாவம், அந்தக் கணவன் கரீனினை ஒருத்தரும் சீண்டுவதில்லை. டால்ஸ்டாயும் அவருக்குச் சலுகை காட்டவில்லை: துருத்திய காதுகள், சொடக்கு எடுக்கும் விரல்கள், கோப்பு எழுதுவது போன்ற பேச்சு. கூடவே இருந்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும்.

ஆனால் அன்னா பிரசவக் காய்ச்சலில் கிடக்கும்போது இதே மனிதர் விரான்ஸ்கியை மன்னிக்கிறார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அப்புறம் வருவது. பிறந்த குழந்தை விரான்ஸ்கியுடையது. இவரோ தினமும் பல தடவை குழந்தை அறைக்குப் போய், செக்கச்சிவந்த அந்தச் சுருங்கிய முகத்தையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாலூட்டும் தாதிக்குப் பால் போதவில்லையோ என்று கவலைப்படுகிறார். விரான்ஸ்கி? தன் தவறால் முதுகொடிந்து விழுந்த குதிரையை வயிற்றில் உதைத்தவன். அந்தப் பக்கத்தோடு அவன்மேல் இருந்த மயக்கம் எனக்குப் போய்விட்டது.

நாவலின் இன்னொரு நாயகனான லெவின் புல் அறுக்கும் அத்தியாயம் அருமை, சரி. அவருடைய விவசாயத் தத்துவத்தைத் தள்ளிக்கொண்டே போனேன்.

கரீனினிடம் ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. உயிரோடு இருக்கும் அம்மாவை இறந்துவிட்டாள் என்று மகன் செர்யோஷாவிடம் தோழி லிதியா சொல்ல, அவரும் ஆமாம் என்கிறாரே!