அப்பா ஏறாத டிராம்

"சின்ன வயசுல டிராம்ல ஏறித்தான் படகு ஜெட்டிக்குப் போவோம்" என்று எங்கப்பா சொல்லாத தீபாவளி கிடையாது. நானும் அதை என் பிள்ளைகளிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறேன். போன மாதம்தான் கணக்கு இடித்தது. பினாங்கு ஜோர்ஜ்டவுனில் கரண்டு டிராம் ஓட ஆரம்பித்தது 1906ல். நின்றது 1936ல். அப்பா பிறந்தது 1948ல்!

அவர் ஏறியது டிராலி பஸ், தண்டவாளம் இல்லாமல் தலைக்கு மேல் கம்பியில் கரண்டு எடுத்து ஓடுகிற பஸ். 1920களிலேயே வந்து, கொஞ்சம் கொஞ்சமாக டிராமின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. டிராமுக்குத் தலைக்கு மேல் ஒரு கம்பி போதும், கரண்டு தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். ரப்பர் டயரில் அது நடக்காது. அதனால் டிராலி பஸ்ஸுக்கு இரண்டு கம்பி, கூரையில் இரண்டு கொம்பு. அதற்குப் பதிலாக, வழியில் ஒரு மாட்டுவண்டி நின்றால் ஒதுங்கிப் போகலாம். தண்டவாளத்தில் போகிற டிராம் காத்துத்தான் கிடக்க வேண்டும்.

அப்பாவுக்கு இந்த விவரமெல்லாம் வேண்டாம், கொம்பு போதும். ஆயர் ஈத்தாம் போகும்போது வளைவில் கொம்பு கம்பியை விட்டுக் கழன்றுகொள்ளுமாம். வண்டி அப்படியே செத்து நிற்கும். கண்டக்டர் இறங்கி, நீளமான மூங்கில் கழியை எடுத்து, அண்ணாந்து பார்த்தபடி கொம்பை மாட்டப் பார்ப்பார். பையன்கள் ஜன்னலில் தலையை நீட்டி எண்ணுவார்கள். மூன்று தடவைக்குள் மாட்டிவிட்டால் கெட்டிக்காரர். மழை நாளென்றால் நீலப் பொறி பறக்கும், அதற்கு ஒரு கூச்சல். லண்டனில் ஓடித் தேய்ந்த மாடி பஸ்களையும் 1950களில் கொண்டுவந்து விட்டார்கள். மேல்மாடி முன்சீட்டுக்கு அடிதடியே நடக்குமாம்.

1961 ஜூலை 31ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது. பிறகு டீசல் பஸ்தான். இப்போது எல்ஆர்டி ரயிலுக்குத் தூண் போடுகிறார்கள், அது வரும்போது வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பினாங்கு ரோடும் சூலியா ஸ்திரீட்டும் சந்திக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். தாருக்கு அடியில் கிடந்து வெளியே வந்த பழைய டிராம் தண்டவாளம் அங்கே கொஞ்சம் இருக்கிறது. சிலிப்பர் நுனியால் அதைத் தேய்த்துப் பார்த்தார்.

"அப்ப நான் போனது டிராம் இல்லையா?"

"இல்லப்பா, டிராலி பஸ்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க ஆத்தா அதை டிராம்னுதான் சொல்லும்" என்றார்.


ஆத்தா நிஜ டிராமிலேயே போனவள்.