மாடியில் சோலார், கீழ்வீட்டுக்கு யூனிட் எவ்வளவு?

சென்னை கொளத்தூரில் எங்கள் வீட்டில் இரண்டு குடும்பம், ஒரே இ.பி. இணைப்பு. மேலே நாங்கள், கீழே வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களுக்குச் சப்-மீட்டர், அதில் ஓடும் யூனிட்டுக்கு எங்களிடம் பணம் கட்டுவார்கள். 2025-இல் மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போடப் பேச்செடுத்ததும் கீழ்வீட்டுப் பெண் கேட்டாள்: "அப்போ எங்களுக்கு யூனிட் எவ்வளவு, அக்கா?" மற்ற வேலைகளை அலைந்து முடித்துவிட்டோம். இதற்குப் பதில் சொல்லத்தான் ரொம்ப யோசிக்க வேண்டியிருந்தது.

எனக்குப் பிறந்த வீடு எண்ணூர். அனல் மின்நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலப்பதைப் பார்த்தவள் நான். நம் வீட்டு ஏ.சி. ஓட அந்த ஊர் மூச்சு முட்டுகிறது என்ற எண்ணம் என்னை விட்டதே இல்லை.

முதல் வேலை பெயர் மாற்றம். இணைப்பு இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. மாடி சோலாருக்கு மத்திய அரசு பணம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், மானியம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். வாரிசுச் சான்றிதழ், சொத்துவரி ரசீது, நாத்தனார்களின் சம்மதம் எல்லாம் சேர்த்து அதை முடித்த பிறகே விண்ணப்பித்தோம்.

அடுத்து நிழல். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். எங்கள் தண்ணீர்த் தொட்டி காலையிலும், பக்கத்து அடுக்குமாடி சாயங்காலமும் நிழல் தட்டும். விலை சொல்ல வந்த ஒருவர் மாடி ஏறாமலேயே தொகையை எழுதிக் கொடுத்தார். அவரை அதோடு விட்டோம். ஏறிப் பார்த்து, இரும்புச் சட்டத்தை ஆளுயரத்துக்குத் தூக்கிப் போடலாம் என்றவரிடம் வேலையைக் கொடுத்தோம். அடியில் துணி காயப்போடவும் இடம் கிடைத்தது.

பணம்தான் பெரிய பாடு. மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000. ஆனால் வேலை முடிந்து, இருவழி மீட்டர் (நாம் இ.பி.-யிடம் வாங்குவதையும் சோலாரில் அவர்களுக்குத் தருவதையும் அளப்பது) மாட்டி, ஆய்வும் ஆன பிறகுதான் அது கணக்கில் விழும். அதுவரை மொத்தத்தையும் நாம்தான் புரட்ட வேண்டும். வங்கிக் கடன் வசதி உண்டு. நான் நகையை அடகு வைத்தேன். நகையும் இல்லாமல் சொந்த மாடியும் இல்லாமல் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் எப்படி எட்டும்? சென்னையில் பாதிப் பேச்சு சோலாரைப் பற்றி இருக்கும்போது இதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உறுத்தல்.

சரி, கீழ்வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பில். நாங்கள் போட்ட சமயத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் விலை எகிறும். அப்போது 501-ஆவது யூனிட் 8.55 ரூபாய். இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் வெயில் காலத்தில் 500 சட்டென்று வந்துவிடும். பல வீடுகளில் சப்-மீட்டருக்கு யூனிட் எட்டு, பத்து என்று வாங்குகிறார்கள். அரசு கொடுக்கும் இலவச யூனிட்டில் வாடகைக்காரருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

தனி இணைப்பு வாங்கிக் கொடுத்தால் அந்த 100 யூனிட் அவர்களுக்கே கிடைக்கும். ஆனால் சோலார் மின்சாரம் எங்கள் இணைப்பில் மட்டும்தான் கழியும். அப்போது எங்கள் பங்கில் உபரி நிற்கும், அவர்களுக்கு அதனால் பயனில்லை. "நகைக்கு வட்டி கட்டுவது நாம்தானே" என்றார் என் கணவர். அதுவும் நியாயம்தான். கடைசியில் ஒன்று முடிவு செய்தோம்: இணைப்பு ஒன்றாகவே இருக்கட்டும். தனி இணைப்பு இருந்தால் அவர்கள் இ.பி.-க்கு என்ன கட்டுவார்களோ அதை மட்டும் எங்களிடம் கட்டட்டும். முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் அட்டவணை விலை. சோலாரால் மிச்சமாவது வட்டிக்குப் போகும். நகை மீண்ட பிறகு மிச்சத்தில் அவர்களுக்கும் பங்கு. எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மீட்டர் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

போடப் போகிறவர்கள் ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் மேல் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் விற்றுவிடாதீர்கள்.