மலிவு ட்ரிகர் தேடி: பிளாஷைக் கமராவிலிருந்து இறக்கிய அனுபவம்

கூத்துக்காரரின் உடுப்பில் கண்ணாடித் துண்டும் மினுக்கல் தாளும் நிறைந்திருக்கும். கமராவின் தலையில் பூட்டிய பிளாஷை நேரே அடித்தால் அத்தனை மினுக்கமும் லென்ஸை நோக்கியே திரும்பி வரும், முகமும் தட்டையாகிவிடும். அதே பிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில், தலைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினால் மூக்கோரமும் தாடையோரமும் நிழல் இறங்கும். அரிதாரத்துக்குக் கீழே இருக்கிற மனிதர் தெரியத் தொடங்குவார். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்துக் கூத்துக்காரரை இப்படி ஒவ்வொருவராக எடுத்துச் சேர்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் இதற்குள் இறங்கினேன். ஆட்டம் நடக்கும்போது நான் பிளாஷ் அடிப்பதில்லை, ஆடுகிறவருக்கு அது பெரிய இடைஞ்சல். ஒப்பனை முடிந்து மேடைக்குப் போகக் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குக் கிடைப்பது.

கழற்றிய பிளாஷை அடிக்க வைக்க மூன்று வழி உண்டு. வயர் ஒன்று. காசு குறைவு, பிழைக்காது, ஆனால் இருட்டில் ஆட்கள் நடமாடும் கொட்டகைக்குள் வயர் இழுத்துவிட எனக்கு மனமில்லை. அடுத்தது ஸ்லேவ் முறை. வேறொரு பிளாஷின் வெளிச்சத்தைக் கண்டதும் தானும் அடிக்கும். அறைக்குள் இது நன்றாகவே வேலை செய்யும், சுவரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சமே போதும். திறந்த வெளியில் சுவரும் இல்லை. பகலென்றால் வெயில் அந்தக் கண்ணை மழுங்கடித்துவிடும். பக்கத்தில் வேறு யாராவது பிளாஷ் அடித்தால் அதற்கும் சேர்த்து அடித்துத் தள்ளும். ஆகவே மிஞ்சியது ரேடியோ ட்ரிகர், அதாவது கமரா படம் எடுக்கும் அதே நேரத்தில் வயரில்லாமல் பிளாஷை அடிக்கச் சொல்லும் கருவி.

ரேடியோவிலும் அடிமட்ட விலையில் இருப்பவை 433 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்கிற சோடிகள். கமராவில் ஒன்று, பிளாஷின் காலில் ஒன்று. நண்பனிடம் இரவல் வாங்கிப் பார்த்த சோடி பேர் தெரியாத ஒரு தயாரிப்பு. வீட்டு முற்றத்தில் ஒழுங்காக அடித்தது. தூரம் கூடக் கூட இடையிடையே விட்டுவிட்டது. அனுப்பும் துண்டுக்குள் இருந்தது 12 வோல்ற் சின்னப் பற்றரி, 23ஏ என்று போட்டிருக்கும். இரவு பத்து மணிக்கு அது தீர்ந்தால் ஒட்டுசுட்டானில் எந்தக் கடையைத் தட்டுவது? ஏஏ, ஏஏஏ பற்றரி என்றால் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் ட்ரிகர் வாங்குகிறவர் முதலில் பற்றரிக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பேன்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. இந்த மலிவுச் சோடிகளுக்கு ‘அடி’ என்ற ஒரே சொல்தான் தெரியும். எவ்வளவு பலத்தில் அடிப்பது என்பதைப் பிளாஷின் முதுகில்தான் மாற்ற வேண்டும். ஸ்டாண்டை ஏழடி உயர்த்தி, வெளிச்சத்தை மென்மையாக்கும் குடையும் மாட்டிய பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடந்து போய், இறக்கி, அமத்தி, ஏற்றி, திரும்பி வர வேண்டும். தலையில் கனத்த கிரீடத்தோடு, வியர்வையில் அரிதாரம் கரைய, ஒரு பெரியவர் எனக்காக நின்றுகொண்டிருப்பார். ‘தம்பி, சரியே? வடிவா வந்திட்டுதே?’ என்று கேட்பார். அவர் முகத்தில் இருந்த கம்பீரம் நான் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வருவதற்குள் போய்விடும். பலத்தைக் கமராப் பக்கத்திலிருந்தே மாற்றக்கூடிய ட்ரிகர்தான் வேண்டும் என்று அங்கேதான் தீர்மானித்தேன். எத்தனை நூறு மீற்றர் தூரம் போகும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை அதற்குப் பிறகு நான் பார்ப்பதே இல்லை.

வாங்குவதற்கு முன் இன்னொன்று: கமராவின் தலையில் பிளாஷ் பூட்டுகிற இடத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிய ஒரு தொடுபுள்ளி இருக்கும், சாதாரண ட்ரிகர்கள் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. கனன் 3000டி, 200டி இரண்டாம் பதிப்பு போன்ற சில ஆரம்பநிலைக் கமராக்களில் அந்தப் புள்ளியே கிடையாது. அவற்றுக்குக் கனனின் மொழி பேசத் தெரிந்த ட்ரிகர்தான் சரிவரும். நைகோன் டி3500, டி5600 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அந்த வரிசைக் கமராக்களில் ஹைஸ்பீட் சிங் (வழமையான எல்லையைத் தாண்டிய ஷட்டர் வேகத்திலும் பிளாஷ் அடிக்கும் வசதி) இல்லை, ட்ரிகரில் அந்த வசதி இருந்தாலும் பயன்படாது.

சரி, தெரிவு கடைசியில் இரண்டு பக்கமாக வந்து நின்றது. யொங்னுவோவின் ஆர்எஃப்-603 பழைய, நல்ல பேர் உள்ள சோடி, 2.4 கிகாஹேர்ட்ஸ், இரண்டு ஏஏஏ பற்றரி, 16 சானல் (அலைவரிசை). எந்தத் துண்டும் அனுப்பும், எந்தத் துண்டும் வாங்கும். ஆனால் அதுவும் ‘அடி’ மட்டும் சொல்வது. அதே நிறுவனத்தின் வைஎன்560 மூன்றாம், நான்காம் பதிப்புப் பிளாஷ்களுக்கு உள்ளேயே சிக்னலை வாங்கும் ரேடியோ இருக்கிறது. வைஎன்560-டிஎக்ஸ் என்ற கட்டுப்பாட்டுத் துண்டைக் கமராவில் பூட்டினால் பலத்தை அங்கிருந்தே மாற்றலாம். மற்றப் பக்கம் கொடொக்ஸ்: டிடி600 பிளாஷ், அதற்கு எக்ஸ்2டி அல்லது எக்ஸ்புரோ ட்ரிகர். முழுப் பலத்திலிருந்து 1/128 வரை கமராவில் நின்றபடியே இறக்கி ஏற்றலாம், 32 சானல் இருக்கிறது, ட்ரிகருக்கு இரண்டு ஏஏ பற்றரி போதும்.

நான் கொடொக்ஸ் பக்கம் சாய்ந்தேன். நாளைக்குக் கமராவின் கொம்பனியை மாற்றினாலும் டிடி600ஐ மாற்ற வேண்டியதில்லை. ட்ரிகரை மட்டும் புதுக் கமராவுக்கு ஏற்றதாக வாங்கினால் போதும். ட்ரிகர் வாங்கும்போது எந்தக் கமராவுக்கானது என்பதைப் பெட்டியில் பார்த்தே வாங்க வேண்டும். டிடி600இல் டிடிஎல், அதாவது கமராவே வெளிச்சத்தை அளந்து பலத்தை வைக்கும் வசதி, இல்லை, பலத்தை நாமேதான் வைக்க வேண்டும். ஆள் அசையாமல் நிற்கிற படத்துக்கு அதுவே எனக்கு விருப்பம், ஒரு தடவை சரியாக வைத்தால் அடுத்த படமும் அதே வெளிச்சத்தில் வரும்.

சோதனை எல்லாம் இரணைமடுக் குளக்கட்டில், பின்னேரத்தில். கட்டு நேராக நீண்டு கிடப்பதால் தூரம் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. எனக்குத் தேவைப்படும் தூரம் பத்து மீற்றருக்குள்தான், அதில் ஒரு அடியும் தவறவில்லை. ட்ரிகருக்கும் பிளாஷுக்கும் நடுவே ஆட்கள் நெருக்கி நின்றால் சிக்னல் பலவீனமாகும். மனித உடம்பில் உள்ள தண்ணீர் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை உறிஞ்சிக்கொள்ளும். கூட்டத்துக்குள் எடுக்கும்போது ஸ்டாண்டைத் தலைகளுக்கு மேலே உயர்த்துவது அதற்கும் நல்லது.

என் கமரா கனன் 700டி. அதன் சிங் வேகம், அதாவது பிளாஷோடு ஒத்துப்போகும் ஆகக்கூடிய ஷட்டர் வேகம், 1/200 செக்கன். அதைத் தாண்டி 1/250 வைத்தால் ஷட்டரின் முதல் திரை முழுதாகத் திறக்கும் முன்பே இரண்டாம் திரை மூடத் தொடங்கும், படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். மலிவு ட்ரிகர்களில் சிக்னல் கொஞ்சம் பிந்துவதால் 1/200இலேயே மெல்லிய பட்டை தெரியலாம். வெள்ளைச் சுவருக்கு நேரே 1/125, 1/160, 1/200 என்று அடித்துப் பார்த்தால் உங்கள் எல்லை தெரிந்துவிடும்.

வெயிலோடு மல்லுக்கட்டுவது வேறு கதை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, ஷட்டர் 1/200 என்றால் துவாரம் எஃப் 11 அளவில் நிற்கும். பிளாஷின் பலத்தைச் சொல்லும் கைட் நம்பரை 36 என்று வைத்து, அதை எஃப் எண்ணால் பிரித்துக் கணக்குப் பார்த்தால், குடையே இல்லாமல் முழுப் பலத்தில் அடித்தும் பிளாஷ் மூன்று மீற்றர் சொச்சத்துக்குள் நிற்க வேண்டும். குடை மாட்டினால் அந்தத் தூரம் பாதிக்குக் கிட்டக் குறையும். ஹைஸ்பீட் சிங்கைப் போட்டால் பலம் இன்னும் இறங்கும். ஒற்றைச் சின்னப் பிளாஷை வைத்துக்கொண்டு வன்னி மத்தியானத்தோடு போட்டி போடத் தேவையில்லை. சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்கிய பிறகு அதே பிளாஷ் கால் பலத்தில் ராசா.

இரவில் கொட்டகைக்கு இப்போது நான் வைப்பது ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, பிளாஷ் 1/16 பலம், குடை ஆளிலிருந்து ஒன்றரை மீற்றரில். அங்கிருந்து ட்ரிகரில் ஒரு படி ஏற்றுவதோ இறக்குவதோதான் வேலை. அப்புறம், தொங்குகிற பல்ப்பின் மஞ்சளும் படத்தில் வேண்டுமென்றால் ஷட்டரை 1/30க்கு இறக்குவேன். பிளாஷுக்கு முன்னால் பாதிச் செம்மஞ்சள் தாள் ஒன்றும் ஒட்டுவேன், இல்லாவிட்டால் முகம் நீலம் பாய்ந்து தெரியும்.

பற்றரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைட், திரும்பச் சார்ஜ் பண்ணுகிறது. 1.2 வோல்ற்தான் என்றாலும் உள்தடை குறைவு என்பதால் அல்கலைனை விட வேகமாகப் பிளாஷை நிரப்பும். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனால் சானலை மாற்றிவிடுங்கள். அங்கு வந்திருக்கும் படப்பிடிப்பாளரிடமும் இதே வகை இருக்கக்கூடும், ஒரே சானலில் நின்றால் அவருடைய பிளாஷை நீங்கள் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது தேடுவது இரண்டாவது டிடி600 ஒன்று. ட்ரிகரில் பிளாஷ்களைக் குழுவாகப் பிரித்துத் தனித்தனியே பலம் வைக்கலாம்: முதலாவது ஏ குழுவில் முகத்துக்கு, இரண்டாவது பி குழுவில் பின்னாலிருந்து முடியின் விளிம்புக்கு. ட்ரிகர் அதேதான், புதிதாக ஒன்றும் வேண்டாம். சோளகக் காற்று அடங்கும் வரை வெளியில் குடை விரிக்க முடியாது, விரித்தால் ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்கிவிடும். அதுவரை கோயில் மண்டபத்துக்குள் பழகிக்கொள்ள, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டிருக்கிறேன், ‘வாங்கோ’ என்று சொல்லியிருக்கிறார்.