தென்னாப்பிரிக்கா, மோய் ரிவர் பட்டிக் குறிப்புகள்: கொம்பும் மோழையும்

ஏப்ரல் 25, 2023

பால் மறந்த கன்றுகளை ஏலத்துக்கு ஏற்றிப் போனோம். நாற்பதில் பதினொன்று கொம்போடு. அவற்றைத் தனியாக ஒதுக்கி, கிலோவுக்கு விலையைக் குறைத்தே கேட்டார்கள். முதலாளி ஐயாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பேச வாயில்லை. போன நவம்பரில் கொம்பு முளைக்காதபடி கன்றுகளுக்கு மொட்டைச் சுடும்போது கடைசிப் பட்டியை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டவன் நான்தான்.

வாங்குகிறவனைக் குறை சொல்லவும் முடியாது. லாரியில் நெருக்கும்போது கொம்பு பக்கத்து மாட்டின் விலாவில் இடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. தோலை உரித்தால்தான் கறி கன்றிப்போயிருப்பது தெரியும், அதை அறுத்துத்தான் எறிய வேண்டும். தீவனத் தொட்டியிலும் கொம்புமாடு அக்கம்பக்கத்து மாட்டை அண்ட விடாது.

(நான் மாட்டுக்கறி தொடுவதில்லை. அதன் கணக்கை எழுதித்தான் பன்னிரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறேன்.)

மே 9

காலையில் உறைபனி. ஈ இல்லாத மாதம் என்று டாக்டரம்மா வந்தார். விற்காமல் வைத்துக்கொண்ட கிடேரிகளில் நான்குக்குக் கொம்பு. கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவே மரப்பு ஊசி, வலிக்குத் தனியாக இன்னொன்று.

பிறந்து இரண்டு மாதத்துக்குள் என்றால் கொம்பு மொட்டு தோலோடுதான் இருக்கும், சூட்டுக்கோலை வைத்து ஒரு சுற்று சுற்றினால் போதும். பிறகு மண்டையோட்டோடு பிடித்துவிடும். ஏழெட்டு மாதத்தில் நெற்றியின் காற்றறை கொம்புக்குள்ளேயே ஏறிவிடுகிறது. கம்பி ரம்பத்தால் அறுத்ததும் விரல் நுழையும் ஓட்டை. கிடேரி மூச்சு விட விட அந்த ஓட்டை வழியாக ஆவி வந்தது. மதியம் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 17

காளை ஏலம். ஐயாவின் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். இவருக்குத் தமிழ் பாதி, இங்கிலீஷ் பாதி. கொம்பில்லாத மாட்டுக்கு 'மோழை' என்ற சொல்லை என்னிடம் கற்றுக்கொண்டு, "தம்பி, அந்த மோழை எப்படி?" என்று காதைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

எங்களுடையது போன்ஸ்மாரா. மாரா ஆராய்ச்சிப் பண்ணையில் யான் போன்ஸ்மா ஆப்பிரிக்கானரோடு ஹெர்ஃபோர்டையும் ஷார்ட்ஹார்னையும் கலந்து எடுத்த இனம். இவற்றில் கொம்பின் மரபுக்கூறை அடக்கி மோழைக்கூறுதான் ஓங்கும். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் அது வந்த காளையென்றால் கொம்புப் பசுவுக்குப் பிறப்பதும் மோழைதான். ஒரு வழியில் மட்டும் என்றால் பாதிக்குப் பாதி. பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் வால்மயிரை வேரோடு பிடுங்கிச் சோதித்த சீட்டைக் கேட்டோம்.

முதல் இரட்டைக்கூறு காளைக்குப் பின்னங்கால் கம்பு நட்டமாதிரி நேராக நின்றது. மோழை என்பதற்காக அந்தக் காலை வாங்கிக் கன்றுகளுக்கெல்லாம் கொடுப்பதா? விட்டோம். அடுத்ததை வாங்கினோம், கையை மீறித்தான்.

ஜனவரி 16, 2024

மாட்டுப் பொங்கல். கூடுகொம்பு, விரிகொம்பு என்று கொம்பை வைத்து மாட்டைச் சொல்லும் காங்கேயத்துப் பக்கத்துக்காரன் நான். வர்ண டப்பாவோடு பட்டியைச் சுற்றினேன், பூச ஒரு கொம்பில்லை. கடைசியில் பட்டி மேய்க்கும் ஜுலுப் பெரியவர் பாபாவின் சொந்த மாடுகளிடம் போனேன், இங்குனி என்ற இந்த ஊர் நாட்டு இனம். அவர் அவற்றின் கொம்பில் யாரையும் கை வைக்க விடமாட்டார். ஜுலு மொழியில் விடிகாலைக்குப் பெயரே 'மாட்டுக் கொம்பு வேளை'. இருட்டு கலைகையில் வானத்தில் முதலில் தெரிவது கொம்பு நுனிதானே. பாபா டப்பாவை எட்டிப் பார்த்து, நீலம் வேண்டாம், சிவப்பு போடு என்றார்.

செப்டம்பர் 26

போன வாரப் பனியில் வான் ரீனன் கணவாயில் வண்டிகள் சிக்கிக் கிடந்தன. இங்கே அந்தக் குளிரிலேயே புதுக் காளையின் முதல் கன்று விழுந்திருக்கிறது, காளைக்கன்று. நெற்றியின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தடவினேன். மொட்டு இல்லை, மொட்டைச் சுற்றி வரும் மயிர்ச்சுழியும் இல்லை.

பாபாவும் தடவிப் பார்த்தார். "தாய்க்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. நரி வந்தால் எதைக் காட்டும்?"

சூட்டுக்கோலைத் துடைத்துப் பரணில் வைத்தேன். பழைய காளைக்குச் சினையானவை இன்னும் ஆறு இருக்கின்றன.