கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு டிரக்கியாஸ்டமி: "பொறுங்கள்" என்ற சொல் எங்களைப் படுத்திய பாடு

அண்ணனுக்குக் கழுத்தெலும்பு முறிந்து, முன்பக்கமாகத் திறந்து பிளேட் வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வெண்டிலேட்டரை எடுக்க முடியவில்லை. மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களிலிருந்து கிளம்புகிறது. அவருக்கு அடி அதற்குக் கீழே. மூச்சு இழுக்க வந்தது. விலா, வயிற்றுத் தசைகள் செயலிழந்ததால் இருமிச் சளியைத் துப்பத்தான் வரவில்லை. வாய் டியூபை எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள்.

ஐசியூ டாக்டர் டிரக்கியாஸ்டமி வேண்டும், அதாவது கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழாயில் துளை போட்டு டியூப் வைக்கவேண்டும் என்றார். முதுகுத்தண்டு சர்ஜன் தரப்பிலோ, "தையலுக்குப் பக்கத்தில் துளை போட்டால் சளி இறங்கி பிளேட்டில் கிருமி பிடிக்கும், பொறுங்கள்" என்றார்கள். அவர்களைக் கேட்டால் இவர்களைக் கேள் என்றார்கள், இவர்களைக் கேட்டால் அவர்களை. கையெழுத்துப் போட்ட கன்சென்ட் ஃபாரம் நர்ஸ் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் நிமோனியா வந்துவிட்டது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இரண்டு டாக்டர்களையும் ஒரே நேரத்தில் கட்டிலருகே வரவழைத்த பிறகுதான் காரியம் நடந்தது. சர்ஜன் கட்டைப் பிரித்துக் காட்டினார். தையல் கழுத்தின் பக்கவாட்டில், நன்றாகக் காய்ந்திருந்தது; துளை வரப்போவது நடுவில், கீழே. இந்த மாதிரி நோயாளிகளிடம் பயப்படுகிற அளவுக்குத் தொற்று வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன என்று அவரே ஒப்புக்கொண்டார். பின்பக்க ஆபரேஷன் என்றால் இந்தப் பேச்சே பெரிதாக எழாது. டிரக்கியாஸ்டமியைக் கட்டிலிலேயே வைத்து முடித்துவிட்டார்கள்.

நிஜமான ஆபத்து வார்டில் காத்திருந்தது. கழுத்து அசையாமலிருக்க மாட்டியிருந்த கெட்டியான காலரின் முன்பட்டை டியூபை அழுத்தியது. சளி ஊறிய பஞ்சு தையலை ஒட்டிக் கிடந்தது. "காலரைத் தொட எங்களுக்கு ஆர்டர் இல்லை" என்று ஒதுங்கிவிட்டார்கள். முன்னால் அகலத் திறப்புள்ள காலரைக் கேட்டு வாங்குங்கள். ஈரமான துணியை உடனுக்குடன் மாற்றச் சொல்லுங்கள்.

அதே அளவில் ஒரு டியூபும், ஓர் அளவு சிறியதும் தலைமாட்டில் இருக்கவேண்டும். எங்களுக்கு அவை பூட்டிய அலமாரியில் இருந்தன! முதல் வாரத்தில் துளை ஆறி நிலையான பாதையாகியிருக்காது. டியூப் நழுவினால் திரும்பப் போடுவது லேசல்ல.

சக்ஷன் போடும்போது, அதாவது டியூப் வழியே சளியை உறிஞ்சி எடுக்கும்போது, மானிட்டரைப் பாருங்கள். கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு அப்போது நாடித்துடிப்பு சடாரென இறங்கலாம். அண்ணனுக்கு இறங்கியது. முன்கூட்டி ஆக்சிஜன் கொடுத்து, ஒரு தடவைக்கு 15 விநாடிக்குள் முடிக்க ஆரம்பித்த பிறகு சரியானது.

பேசும் வால்வு (மூச்சை டியூப் வழியே உள்ளே மட்டும் விட்டு, குரல்வளை வழியே வெளியேறவைத்துப் பேச உதவும் மூடி) மாட்டுவதற்கு முன்னால் கஃபில் (டியூபைச் சுற்றியுள்ள சின்ன பலூனில்) காற்று முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் மூச்சு வெளியே போக வழியில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். ஷிஃப்ட் மாறி வந்த சிஸ்டர்கள் அதைப் பார்த்துத்தான் மாட்டினார்கள்.

பிளேட்டில் இன்றுவரை தொற்று இல்லை. டியூபோடு வீட்டுக்குப் போகிறவர்கள், சக்ஷன் மெஷின் வீட்டில் வந்து இறங்கி, ஓட்டிப் பார்த்த பிறகே டிஸ்சார்ஜுக்குச் சம்மதியுங்கள்.