மைனஸ் 40

நவம்பர் 4, செவ்வாய்

எட்டாவது கொண்டை ஊசி வளைவில் மறுபடியும் இழுவை போய்விட்டது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி 20-ஐத் தாண்டவில்லை. பின்சீட்டில் படுத்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே, "விசில் சத்தம் நின்னுபோச்சு பாரு" என்றார். முப்பது வருஷம் எஸ்டேட் லாரி ஓட்டிய காது. ஓரங்கட்டிச் சாவியை அணைத்துப் போட்டதும் விசில் அடித்தபடி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வந்துவிட்டது. எனக்குத்தான் கை நடுக்கம் ஏற்காடு ஏரி வரைக்கும் நிற்கவில்லை.

நவம்பர் 5, புதன்

மழை. அப்பாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

சேலம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஸ்கேனரில் அதே பி 0098, எஞ்சினுக்குப் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்கிற குறியீடு. "சென்சார்தான் தம்பி, மாத்திப்புடலாம்" என்றார்கள். போன மாதமும் இதையே சொல்லித்தான் புதுசு போட்டார்கள். வயரைப் பார்த்தீர்களா அண்ணா என்று கேட்டேன். பதில் இல்லை. நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவனிடம் இரண்டு நாள் வண்டியை விட்டுப் போ என்றால் எப்படி?

திரும்பும்போது எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் போனில் காட்டும் ஓபிடி ரீடரை மாட்டி, போனை டேஷ்போர்டில் வைத்து ஏறினேன். அடிவாரம் தாண்டியதும் டர்போவில் சூடேறிய காற்றை ஆற்றும் இன்டர்கூலரைக் கடந்து வரும் காற்று 41 டிகிரி. எட்டாவது வளைவில் இரண்டாவது கியர் போட்டு மிதித்தேன். 41 இருந்த இடத்தில் மைனஸ் 40. கண்ணால் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

வாடகைக் காரில் போய் வந்தோம். எடை போன தடவையைவிட 2 கிலோ கூட. தண்ணீரைக் குறைக்கச் சொல்லி மறுபடியும் திட்டு.

நவம்பர் 8, சனி

ராத்திரி தூக்கம் இல்லை. மைனஸ் 40 தான் மண்டைக்குள் ஓடியது.

சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறைகிற ஒரு சின்னப் பாசிமணி மாதிரித் துண்டு. எஞ்சின் கம்ப்யூட்டர் அதற்கு 5 வோல்ட் கொடுத்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறது. வயர் அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். தடை அவ்வளவு அதிகமென்றால் கடுங்குளிர் என்று அது கணக்குப் போட்டு மைனஸ் 40 காட்டும். ஷார்ட் ஆகியிருந்தால் நேர்மாறாகக் கொதிக்கிற சூட்டைக் காட்டியிருக்கும். ஆக, இது அறுந்த வயர். காற்றின் சூடு தெரியாமல் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கணக்கிட முடியாது. அதனால்தான் டர்போவை அடக்கி வைக்கிறது.

இன்னொன்று விடியற்காலையில்தான் உறைத்தது. அழுத்தமும் வெப்பமும் ஒரே சென்சார், நாலு பின், இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அன்றைக்கு அழுத்தம் ஒழுங்காகத்தான் காட்டியது. அப்படியானால் எர்த் நன்றாக இருக்கிறது. மிச்சம் வெப்பத்துக்கான ஒரே ஒரு வயர்.

ஆறு மணிக்குச் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தேன். கூலண்ட் 18, ஏர் ஃபில்டர் பக்கம் 18, இன்டர்கூலர் பக்கம் 18. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில் இப்படித்தான் இருக்க வேண்டும். வயர் வந்து சேரும் கப்ளரைக் கழற்றிச் சென்சாரை மீட்டரில் வைத்தேன்: 2.6 கிலோ ஓம். டம்ளர் வெந்நீரை ஒரு கவரில் ஊற்றி அதன்மேல் சாய்த்ததும் சரசரவென்று இறங்கியது. சென்சார் மேல் குற்றமே இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

கப்ளரில் மீட்டரை வைத்தேன், 5 வோல்ட். வயர்க் கட்டினை விரல் அகலம் விரல் அகலமாக வளைத்துக்கொண்டே போனேன். கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பிராக்கெட்டோடு கட்டியிருக்கிற இடத்தில் 5 போய் 0 ஆனது. டேப்பைப் பிரித்தால் மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தேன், அந்த இடம் மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு இல்லை. வளைவில் மிதிக்கும்போது எஞ்சின் மவுண்டிங்கில் சாயும், வயர் இழுபடும், அறுந்த நுனிகள் விலகும். சமதரையில் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

அப்பாவைத் திண்ணைக்குக் கூட்டிவந்து காட்டினேன். வயரைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் நீட்டி நீட்டிப் பார்த்தார்.

நவம்பர் 10, திங்கள்

கெட்ட துண்டை வெட்டிவிட்டுப் புது வயர் சேர்த்து, கிரிம்ப் அடித்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

எட்டாவது வளைவில் 43 டிகிரி. இருபதாவது வளைவு வரைக்கும் விசில் நிற்கவில்லை. அப்பா எதுவும் சொல்லவில்லை, வழியெல்லாம் வாந்தி.

நவம்பர் 12, புதன்

காலை ஆறு மணி. மூன்றும் 17. அப்பா நாலரைக்குத்தான் கண் அசந்தார், எழுப்பவில்லை.